தலையில் கட்டி, நெஞ்சில் நோய்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர் தேக்காவில் 26 வருஷமாக முடிவெட்டுகிறேன். வருகிறவர்களின் பெயர் மறந்துபோகும். எந்தத் தலையில் எங்கே தழும்பு, எங்கே மரு என்பது மறக்காது.

போன வருஷம் பொங்கலுக்கு முன்னால், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர், நெடுநாள் வாடிக்கை, வந்து உட்கார்ந்தார். பின்தலையில் மெஷின் எதிலோ இடறியது. கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. லேசான ஊதா நிறம், தொட்டால் கல் மாதிரி.

"வலிக்குதாண்ணே?"

"இல்லப்பா. கொசு கடிச்சிருக்கும், நீ வெட்டு."

அடுத்த மாதம் அது அரிநெல்லி அளவுக்கு வளர்ந்திருந்தது. சரி, இது கொசு வேலை இல்லை என்று அவர் மகளுக்கு நானே போன் போட்டேன். முதலில் போன கிளினிக்கில் கொழுப்புக்கட்டி என்று களிம்பு கொடுத்தார்கள். அதில் ஆறு வாரம் போனது. அப்புறம் வேறு இடத்தில் சதையைக் கிள்ளிச் சோதித்தபோதுதான் தெரிந்தது, நுரையீரல் புற்றுநோய்! இருமல்கூட இல்லாத மனிதர். சிகரெட்டை விட்டு 20 வருஷம் ஆகிறது.

மகள் விளக்கிச் சொன்னாள். இந்த நோய் பெரும்பாலும் மூளை, எலும்பு, கல்லீரல் பக்கம்தான் பரவுமாம். தோலுக்கு வருவது நூற்றில் 1 முதல் 12 பேருக்குத்தான். நெஞ்சு, முதுகு, வயிறு, தலை என்று எங்கும் வரலாம்; சிலருக்கு அதுதான் முதல் அடையாளமே. அதற்குள் நான்காம் கட்டம் ஆகிவிடுவதால் அந்த ஆறு வாரத்தால் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றும் சொன்னாள். எனக்கு மனசு ஆறவில்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஒருவர் பாதிச் சவரத்தில் எழுந்துவிட்டார். "அவருக்குப் போட்ட மெஷினா இது?" புற்றுநோய் என்ன சொறி சிரங்கா, ஒட்டிக்கொள்ள? இன்னொருவர், வெயிலில் அலைந்ததால் வந்த தோல் புற்றுநோய் என்று கதை கட்டினார். தோலில் தெரிந்தாலும் அது நுரையீரல் புற்றுநோய்தான், மருந்தும் அதற்குரியதுதான். அந்தக் கட்டிச் சதையிலேயே இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்ததால், அதைக் குறிவைக்கிற மாத்திரை அண்ணனுக்குத் தினம் ஒன்று. முடி கொட்டவில்லை, கட்டியும் சுருங்கியிருக்கிறது. மாதாமாதம் வருகிறார். அந்த இடத்தில் மட்டும் கத்தரிக்கோல் போடுகிறேன்.

என்னைப் போன்ற கடைக்காரர்களும் அழகுநிலையப் பெண்களும் கையில் தட்டுப்படுவதை வாயைத் திறந்து சொல்ல வேண்டும். "நீ என்ன டாக்டரா?" என்று சிலர் கோபப்படுவார்கள். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

முடிந்தால் இதை ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். அன்றைக்குத்தான் என் கடையில் பேப்பருக்கு அடிதடி.

முடிதிருத்துநர்,
லிட்டில் இந்தியா