மயிலத்துச் சம்பந்தமும் மல்லாட்டையும்

காவேரிப்பட்டணம்

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? முதுகு வலிக்கு டாக்டரைப் பார்த்துத் தொலை, எண்ணெய் தடவியே காலத்தை ஓட்டாதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மயிலம் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். பையனுக்கு ஓசூரில் வேலை. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பையனின் தாத்தா தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர், "மல்லாட்டை போடறதில்லீங்களா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்குத்தான் காது மந்தமாயிற்றே. "ஆட்டையெல்லாம் போன வருசமே வித்துட்டோமுங்க, மேய்க்க ஆளில்லை" என்றாள். "செம்மண்ணுக்கு நல்லா வருமே" என்கிறார் அவர். அம்மா என்னைப் பார்க்கிறாள். உள்ளே பெண்கள் சிரித்த சிரிப்பில் காபி கொண்டுவர ஆளில்லை. "கல்லக்காயைக் கேக்கறாரும்மா" என்று நான்தான் நடுவில் புகுந்து தீர்த்துவைத்தேன். நிலக்கடலைக்கு உங்கள் பக்கம் மல்லாட்டை, இங்கே கல்லக்காய்.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் பெயர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. இத்தனை வருடமாகத் திண்டிவனத்தில் உட்கார்ந்து மல்லாட்டை தின்கிறாயே, மணிலாக்கொட்டைதான் தேய்ந்து மல்லாட்டை ஆனது என்று ஒரு நாளாவது சொன்னாயா? செடி பிறந்தது தென்னமெரிக்காவில். ஸ்பானியர் கப்பலேறி மணிலாவுக்கு வந்தது. உங்கள் பக்கத்து ஆட்கள் அந்த ஊர்ப் பெயரையே அதன் தலையில் கட்டிவிட்டார்கள். நாங்கள் கன்னடக்காரர்களின் கடலெகாயியோடு ஒத்துப் போய்விட்டோம்.

யோசித்துப் பார்த்தால் எல்லாமே இப்படித்தான். பொருள் எங்கே பிறந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. கடைசியாக எந்த வாசல் வழியாக வந்ததோ அந்த வாசலின் பெயர்தான் அதற்கு. சௌசௌ மெக்சிகோ பக்கத்துக் காய், சாதியில் பூசணிக்கு உறவு. நாம் அதைப் பெங்களூர் கத்தரிக்காய் என்கிறோம். பெங்களூரில் போய்க் கேள், சீமெ பதனெகாயி என்று கப்பல் பக்கம் கை காட்டுவார்கள், அவர்களுக்கும் அது கத்தரிக்காய்தான்! புளி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அரபி வியாபாரி அதைத் தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை என்றான். அதுதான் ஆங்கிலத்தில் டாமரிண்ட். தருமபுரிக்காரனிடம் போய் உன் புளி பேரீச்சையடா என்று சொல்லிப் பார், அடிப்பான். மிளகாய் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. மிளகு போல உறைக்கிற காய், அவ்வளவுதான். பூச்சி வாத்தியார் இருந்தால் இதற்கே என்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

உன் வீட்டில் தங்கச்சி மதுரைக்காரி, சீனி என்பாள். இதைச் சொல், கோபித்துக்கொள்ளட்டும். சர்க்கரை காய்ச்சும் வித்தையைக் கற்றுவர 7ஆம் நூற்றாண்டில் சீனப் பேரரசர் மகதத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். சொல்லிக்கொடுத்தவர்கள் நாம், பெயர் சீனாவுக்கு. வடக்கே கற்கண்டை மிஸ்ரி என்கிறார்கள், மிஸ்ர் என்றால் எகிப்து. கரும்போ நியூ கினியில் பிறந்தது. அந்தக் கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் பாடியிருக்கிறார், புறநானூறு 99ஆம் பாட்டு. அதியமானின் தகடூர்தானே இன்றைய தருமபுரி, தகடூர்க்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் கரும்பு என்ற பெயரில் மட்டும் எந்த ஊரும் ஒட்டவில்லை. என் கணக்கு அங்கே இடிக்கிறது. இடிக்கட்டும்.

நம் குழுவில் சேகர் ஒன்று போட்டானே, பார்த்தாயா? "இட்டு அவித்ததால் இட்டவி, அதுவே இட்டலி, உலகின் முதல் உணவு." கீழே கைகூப்பி இருபது பொம்மை. 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனெயில் இட்டலிகெ வருகிறது, உன் இட்டவி எந்த ஏட்டில் இருக்கிறது என்று கேட்டேன். என்னைக் கன்னடக்காரன் ஆக்கிவிட்டான். தினம் ராகிக்களி தின்கிறவனுக்கு அது ஒன்றும் திட்டு இல்லை.

மாங்காயை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. நம் பெங்களூரா இருக்கிறதே, பெங்களூரில் அதற்குக் கிணி மூத்தி என்று பெயர், கிளிமூக்கு. அதன் இன்னொரு பெயரான தோத்தாபுரியில் வருகிற தோத்தாவும் கிளிதான். எந்தப் பெயரில் இருந்தால் என்ன, மரத்தடியில் கொட்டிக் கிடக்கிறது. மாங்கூழ் ஆலையில் கொடுக்கிற விலை பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணவில்லை. தம்பி மரத்தை வெட்டிவிட்டு ரோஜாவுக்குக் கொட்டகை போடலாம் என்கிறான். அப்பா ஒட்டுக் கட்டிய மரங்கள், நீயும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். அதைச் சொன்ன நாளிலிருந்து அவனும் நானும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அவன் சொல்வதும் தப்பில்லை, அதுதான் உறுத்துகிறது. நம் மாங்காயைப் போர்ச்சுகீசியர் மங்கா என்று எடுத்துப் போய்த்தான் உலகம் முழுக்க மேங்கோ ஆனது. இன்றைக்கும் டின்னில் அந்தப் பெயரை ஒட்டித்தான் அரபு நாட்டுக்கு ஏற்றுகிறார்கள். காய்க்குக் கொடுக்காவிட்டாலும் பெயருக்காவது ஏதாவது கொடுக்கச் சொல். இந்தக் காயை நம்பித்தான் கல்யாணச் செலவுக்குக் கணக்குப் போட்டிருந்தேன்.

இப்போது உனக்கு வேலை. மயிலம் உனக்குப் பக்கம்தானே. பையன் பெயர், தாத்தா பெயர், தெரு எல்லாம் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நேரில் போய் விசாரி. குடும்பம் எப்படி, கடன் இருக்கிறதா, பையனுக்குக் குடி பழக்கம் உண்டா. ஆடி பிறப்பதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும், ஒத்துவந்தால் ஆவணியில் முடித்துவிடலாம். சின்னவள் சரி என்று சொல்லிவிட்டாள், அது வேறு. அதனால் ஏதாவது குறை தெரிந்தால் என் போனுக்கு மட்டும் சொல். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடு, அப்போது மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருப்பேன்.

அன்புடன்,
கோவிந்தன்