குண்டுவீச்சு விமானங்களில் குளிரும் ஒரு பகைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்காவின் 8வது விமானப்படை பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகர் மீதான தாக்குதலில் 60 பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பறிபோனதைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால், குளிரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் படையின் முதல் ஓராண்டில், எதிரியால் காயப்பட்டுப் பறக்க முடியாமல் போனவர்களைவிடப் பனிக்கடியால் (கடுங்குளிரில் தோலும் சதையும் உறைந்து கெடுவது) முடங்கியவர்களே அதிகம்.

25,000 அடி உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும். பத்துப் பேர் கொண்ட குழுவில் மிகவும் அவதிப்பட்டவர்கள் நடுப்பகுதி ஜன்னல்களில் நின்ற துப்பாக்கி வீரர்கள் இருவர். சுடுவதற்காக ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். பனிக்காற்று நேராக முகத்தில் அறையும். அந்த ஜன்னலுக்கு நிரந்தர மூடி பின்னாளில் வந்த பி-17ஜி விமானங்களில்தான் கிடைத்தது. இவ்வளவு எளிய மாற்றம் அத்தனை தாமதமாக வந்தது வேதனை.

மின்சாரத்தில் சூடாகும் உடை இருந்தது. தொடக்ககால உடைகளில், சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைவதுபோல, ஒரு கம்பி அறுந்தால் உடை முழுவதும் குளிர்ந்துவிடும். தரையிலேயே அதைப் போட்டுக்கொண்டு வியர்த்தால், அந்த ஈரமே மேலே போனதும் உறையும். துப்பாக்கி சிக்கிக்கொண்டால் தடித்த கையுறையோடு சரிசெய்ய முடியாது. உள்ளே பட்டுக் கையுறையும் இல்லாமல் வெறுங்கையால் தொட்டால், தோல் இரும்போடு ஒட்டிப் பிய்ந்து வரும்.

ஆக்சிஜன் முகமூடி இன்னும் ஆபத்தானது. மூச்சின் ஈரம் அதில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது கையால் கசக்கி நொறுக்க வேண்டும். குழாய் கழன்றால் வலியோ மூச்சுத்திணறலோ தெரியாது. தான் நன்றாக இருப்பதாகவே நினைத்தபடி, சில நிமிடங்களில் ஆள் மயங்கிவிடுவார். அதனால்தான் ஒருவர் உள்தொடர்புக் கருவியில் அடிக்கடி ஒவ்வொரு இடமாக அழைப்பார். பதில் வராவிட்டால், பக்கத்தில் இருப்பவர் சிறிய ஆக்சிஜன் கைச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். அதுவும் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும்.

காயம்பட்டவருக்குப் போடும் வலிநீக்கி மருந்தான மார்ஃபின்கூட உறைந்துவிடும். அக்குளிலோ வாயிலோ வைத்து இளக்கிய பிறகே ஊசி போட முடியும்.

தொடரின் அடுத்த பகுதியில் இவற்றுக்கும் இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

– விமான வரலாற்று ஆர்வலர், திருச்சி