என் வாண்டா யார் சத்தையும் உறிஞ்சலை சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல ஆர்க்கிட் கண்காட்சி பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க, கலர் போட்டோ எல்லாம் பிரமாதம், மறுக்கலை. ஆனா மூணாவது பத்தியில "மரங்களின் சத்தை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிச் செடியான ஆர்க்கிட்"னு ஒரு வரி. காபி டம்ளரை கீழ வெச்சுட்டு ரெண்டு தடவை படிச்சேன். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா? ஆர்க்கிட் தொற்றுத்தாவரம்னு நம்ம ஸ்கூல் புக்லயே வாண்டாங்கற ஆர்க்கிட் ஜாதியோட படம் போட்டு இருக்கு சார், என் பேரன் பரீட்சைக்கு படிச்சப்போ நான்தான் ஒப்பிக்க வெச்சேன். அது மரத்து மேல உக்காரும், அவ்வளவுதான். வேரு பட்டையை புடிச்சுக்கும், உள்ள போகாது, வேருக்கு மேல வெலாமன்னு ஸ்பாஞ்சு மாதிரி ஒரு உறை, அது மழைத் தண்ணியையும் பனி ஈரத்தையும் இழுத்து வெச்சுக்கும், காஞ்சா வெள்ளை, நனைஞ்சா பச்சை. சாப்பாட்டை இலைதான் பண்ணிக்குது. கரண்ட் கம்பத்துல காக்கா உக்காந்தா அது கரண்டை குடிக்குதுன்னா எழுதுவீங்க? மரத்தை உறிஞ்சறது புல்லுருவி, அது வேற. வாண்டாங்கற பேரே சமஸ்கிருதத்துல இருந்து வந்தது, அந்தக் காலத்துல மரத்து மேல எது தொத்திக்கிட்டாலும் அதே பேர்தான், சரி, அவங்ககிட்ட மைக்ராஸ்கோப் இல்லை. உங்க நிருபர் கையில போன் இருந்துச்சே.

அந்தக் கண்காட்சிக்கு முதல் நாள் சனிக்கிழமையே நானும் போயிருந்தேன் (பூங்கா பேரு எதுக்கு, நீங்களே போட்டாச்சு). உங்க நிருபர் "மக்கள் கண்டு களித்தனர்"னு முடிச்சிட்டார். நான் கண்டதைச் சொல்றேன். டென்ட்ரோபியம்ங்கற ஆர்க்கிட்டுக்கு முன்னாடி கேட்லியான்னு வேற ஜாதிப் பேரு போட்ட அட்டை. நிழல்வலை இல்லாம மத்தியான வெயில்ல ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வரிசையா வாடிக்கிட்டு நிக்குது. ஒருத்தர் குழந்தையை தூக்கி வெச்சு பூவை கிள்ள விட்டு அதையும் வீடியோ எடுக்கறார். ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு, லேடீஸ் டாய்லெட்டுக்கு பூட்டு, சாவி யார்கிட்டன்னு கேட்டா மூணு பேரு மூணு பக்கம் கை காட்டறாங்க, 64 வயசுல நான் எங்க ஓடறது? வாசல்ல வெனிலா ஐஸ்க்ரீம் வித்தாங்க, அந்த வெனிலாவும் ஆர்க்கிட் கொடியில காய்க்கறதுதான்னு ஒரு போர்டு வெச்சிருந்தா பசங்க வாயைப் பொளந்து கேட்டிருக்கும். ரியூனியன் தீவுல 1841ல எட்மண்ட் அல்பியஸ்னு 12 வயசு அடிமைப் பையன் ஒரு குச்சியால அந்த வெனிலா பூவுல மகரந்தத்தை சேர்த்து வைக்க கண்டுபிடிச்சான், இன்னிக்கும் தோட்டத்துல பூ பூவா கையாலதான் பண்றாங்க. இதெல்லாம் அரைப் பக்கத்துல வராது போல, மந்திரி ரிப்பன் வெட்டற போட்டோவுக்கு இடம் வேணுமே.

சிங்கப்பூர்ல பையன்கிட்ட போனப்போ அங்க பொட்டானிக் கார்டன்ல நேஷனல் ஆர்க்கிட் கார்டன் பாத்தேன். தேசிய மலரே வாண்டா மிஸ் ஜோகிம், 1981லேர்ந்து. ஒரு நாடே ஒட்டுண்ணியை தலையில வெச்சிருக்குன்னு அவங்களுக்கும் ஒரு கடுதாசி போடுங்க சார். அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம ஏற்காட்டுலயே தாவரவியல் ஆய்வுத்துறையோட ஆர்க்கிட் தோட்டம் இருக்கு, அதைப் பத்தி உங்க பேப்பர்ல என்னிக்காவது வந்து நான் பாத்ததில்லை.

2 வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு கண்காட்சியில 650 ரூபா குடுத்து ஃபெலனாப்சிஸ் வாங்கினேன், கடைக்காரப் பையன் வாரம் ரெண்டு ஐஸ் கட்டி வெச்சா போதும்னான். மறுபடி மொட்டு விட ராத்திரி குளிர்ச்சி வேணும்னு அவன் சொல்லலை, எங்க வீட்டு பால்கனியில மே மாசம் ராத்திரி 12 மணிக்கும் சுவர் சுடுது. 12 நாள்ல இலை கழண்டுடுச்சு. சென்னைக்கு டென்ட்ரோபியம், வாண்டான்னு வாங்குங்கன்னும், போர் தண்ணி ஊத்தினா உப்பு படிஞ்சு வேர் கருகும், மழைத் தண்ணி புடிச்சு ஊத்துங்க, மண்ணு வேண்டாம், கரியும் ஓட்டுச் சில்லும் தேங்கா மட்டையும் போதும்னும் அப்பவே உங்களுக்கு 2 பக்கம் எழுதி அனுப்பினேன். நீங்க 4 வரியா வெட்டி, மண்ணு வேண்டாம்ங்கறதுல "வேண்டாம்"ஐ விட்டுட்டு, கீழ "ஒரு வாசகி"ன்னு போட்டீங்க. பேரு கூட போடலை, போகட்டும்.

இப்போ எதுக்கு இவ்வளவு கோவம்னு கேப்பீங்க. எங்க ஃபிளாட் கீழ ஒரு மாமரம். 2017ல நானும் எங்க வீட்டுக்காரரும் அவரோட பழைய வேட்டியை கிழிச்சு அதுல ஒரு வாண்டா கட்டினோம், நம்ம ஊர் சமவெளியிலயே வளர்ற ஜாதி, டெஸ்ஸலேட்டான்னு பேரு. மூணாவது வருஷம் பூத்துது, மஞ்சள்ல பழுப்புக் கட்டம் போட்ட சின்னப் பூ, உங்க கலர் போட்டோவுல வர்ற சைஸ் எல்லாம் இல்ல. அவர் ஸ்டூல் போட்டு ஏறி மோந்து பாத்தார். இப்போ அவர் இல்லை. ஞாயித்துக்கிழமை மத்தியானமே உங்க அந்த வரியை வட்டம் போட்டு அசோசியேஷன் செக்ரட்டரி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டார், "மரத்தைக் காப்போம்"னு. செவ்வாய்க்கிழமை நான் பென்ஷன் விஷயமா பேங்க் போயிட்டு வர்றதுக்குள்ள வாட்ச்மேனை விட்டு பிய்ச்சு எடுத்தாச்சு. வேரெல்லாம் பட்டையிலயே ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு, குப்பைத்தொட்டிக்கு மேல செடி கிடந்துது. சத்து உறிஞ்சப்பட்ட அந்த மரத்து மாங்காயிலதான் போன வருஷம் செக்ரட்டரி வீட்டுல ஊறுகா போட்டாங்க, வாட்ச்மேன் ரெண்டு கோணிப்பை எடுத்துட்டுப் போனார். அவரைச் சொல்லி குத்தமில்லை, "பேப்பர்லயே போட்டிருக்கும்மா"ங்கறார். நான் என்ன பதில் சொல்ல?

மிச்சம் இருந்த 3 வேரோட அதை பால்கனி கம்பியில கட்டி காலையில சாயங்காலம் தண்ணி தெளிக்கறேன்.

நஷ்டஈடு எல்லாம் கேக்கலை. "ஆர்க்கிட் ஒட்டுண்ணி அல்ல, தொற்றுத்தாவரம், மரத்துக்கு அதனால் கெடுதல் இல்லை"ன்னு ரெண்டு வரி திருத்தம் போடுங்க, ராசிபலனுக்குக் கீழ பொடி எழுத்துல வேண்டாம், கொஞ்சம் பெருசா. கட் பண்ணி எங்க லிஃப்ட்டுக்குள்ள ஒட்டணும், 16 வீட்டுக்கும் அது ஒண்ணுதான்.

இப்படிக்கு,
அதே "ஒரு வாசகி",
மேற்கு மாம்பலம், சென்னை