நீ ரூம்ல இல்லாதப்ப

கண்ணு,

போன்ல சொல்ல ஆரம்பிச்சா பாதியில உனக்கு வேற கால் வந்துடும், இல்லன்னா எனக்கு அழுகை வந்துடும், அதனால எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும். நடுவுல ஒரு தப்பை ஒத்துக்கப் போறேன், அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போயிடாதே.

நீ அடுத்த மாசம் வர்றேன்னு சொன்னதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா ஹால்ல சேரையெல்லாம் தள்ளிப் போட்டுட்டு ரோல் ப்ளே பண்றோம், நீ திருநர்னு சொன்னப்புறம் எங்களுக்குப் பழக வேண்டியது நிறைய இருக்கு. நான், அப்பா, அத்தை, அத்தை பொண்ணு, நாலு பேர். நீ சிரிப்பேன்னு தெரியும். ஆனா இருபது வருஷத்துக்கு மேல நர்சிங் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தவளுக்கு வேற என்னம்மா தெரியும், எதைப் பழகணும்னாலும் ஒருத்தரை பேஷன்ட்டா உக்கார வெச்சு நடிச்சுப் பாக்கறதுதான். 1963ல அமெரிக்காவுல ஹோவர்ட் பாரோஸ்னு ஒரு நரம்பு டாக்டர் மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸைப் பழக்கறதுக்காக ஒரு பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்து நோயாளி மாதிரி நடிக்க வெச்சாரு, அதுலேர்ந்துதான் இந்த வழக்கமே பரவுச்சு. நிஜ பேஷன்ட்கிட்ட போய்த் தப்புப் பண்றதுக்கு முன்னாடி இங்க தப்புப் பண்ணிக்கோன்னு அர்த்தம். நிஜமா வலிக்கிற ஆள் மேல பழகக்கூடாது இல்லையா. நாங்க உன் மேலதான் பழகிட்டிருந்தோம்னு எனக்கு லேட்டாதான் உறைச்சுது.

எதுக்குப் பழக்கம்னு கேப்பே. உன்கிட்ட பேசறப்ப எனக்குத் தப்பே வராது, கவனிச்சியா? நீ வந்தே, நீ தூங்கினே, இதுல ஆம்பளை பொம்பளை எங்க இருக்கு. நீ "நான்"னு சொல்றப்பவும் இல்ல. நீ அந்தப் பக்கம் போனதும்தான் வம்பு, வந்தானா வந்தாளா வந்தாங்களான்னு வாலைப் பிடிக்காம ஒரு வாக்கியம் முடியாது நமக்கு. அதாவது உன் எதிர்ல நாங்க எல்லாரும் நல்லவங்க, நீ இல்லாத இடத்துலதான் உன்னை மாத்தி மாத்திச் சொல்லிட்டிருக்கோம். பழக வேண்டியதே அந்தப் பேச்சுதான்னு முடிவு பண்ணினேன்.

முதல் வாரம் சொதப்பல். அத்தை "நான் நம்ம புள்ளையா நடிக்கறேன்"னு எழுந்து, நடையை மாத்தி, குரலை ஒரு மாதிரி ஆக்கி, கையைக் காலை ஆட்டி என்னமோ பண்ணாங்க. எல்லாரும் சிரிச்சுட்டோம், நானும்தான். அப்புறம் எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது, அத்தைக்கு உன் மேல பாசம் இல்லாம இல்லையே, ஆனாலும் வெளிய வந்தது கேலிதானே. கண்ணைக் கட்டிக்கிட்டு நடந்து பாத்தவங்க பார்வையில்லாதவங்களைப் பத்தி முன்னைவிடக் கம்மியா எடை போட்டாங்கன்னு ஒரு ஆராய்ச்சி உண்டு, பத்து நிமிஷம் இருட்டுல தடுமாறிட்டு அவங்க வாழ்க்கை பூரா தடுமாற்றம்தான்னு நெனச்சுக்கறாங்க. இதுவும் அதே கதைதான். அன்னிலேர்ந்து யாரும் உன் நடை உடையை நடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். உன்னைச் சுத்தி இருக்கறவங்களை நடிக்கலாம், கேள்வி கேக்கற ஆள், ஃபார்ம் நீட்டற ஆள், பக்கத்துல நின்னுக்கிட்டு வாயே திறக்காத ஆள். அந்தக் கடைசி ஆளாதான் நாம பாதி நேரம் இருக்கோம்.

ரெண்டாவது வாரம் சின்ன சீன்தான். தெரிஞ்சவர் ஒருத்தர் வழியில பாத்து "உங்க பையன் எப்படி இருக்கான்?"னு கேக்கறாரு, அப்பா பதில் சொல்லணும், அவ்வளவுதான். அத்தை பொண்ணு கேட்டா, அப்பா வாயைத் திறந்தாரு, மூடினாரு. "அவன்... இல்ல... நல்லா இருக்கு, பிள்ளை நல்லா இருக்கு"ன்னாரு. அவங்கன்னு சொல்லுங்கன்னேன். "பெத்த புள்ளையைப் போயி அவங்க இவங்கன்னா? எனக்கென்ன மேனேஜரா?"ன்னு கோவம் வந்துடுச்சு அவருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. அத்தை பொண்ணு மட்டும், "மாமா, என் ஃப்ரெண்டு ஒருத்தியோட அப்பா அவளை வாங்க போங்கன்னுதான் பேசுவாரு, சின்ன வயசுலேர்ந்தே"ன்னு சொன்னா. அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பாத்துட்டு இன்னொரு தடவை கேளுன்னாரு. ஏழு தடவை கேக்க வெச்சாரு. ஏழாவது தடவை "நல்லா இருக்காங்க, அடுத்த மாசம் வர்றாங்க"ன்னு தடுமாறாம சொல்லிட்டு, எழுந்து உள்ள போய் தண்ணி குடிச்சுட்டு வந்தாரு.

இப்ப அந்தத் தப்பு.

மூணாவது வாரம் இடம் மாத்தி நடிச்சோம். ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் உக்காந்து அவங்க வார்த்தையைப் பேசறது, வியன்னாவுல 1920கள்ல மொரேனோங்கற டாக்டர் நாடகத்தை வெச்சு வைத்தியம் பண்ண ஆரம்பிச்சாரே, அவர் வழியில இது முக்கியமான ஒண்ணு. அப்பா நானா உக்காந்தாரு, நான் நீயா உக்காந்தேன். நடை இல்ல குரல் இல்ல, சும்மா சேர்ல உக்காந்து போனைக் காதுல வெச்சுக்கிட்டேன். அப்பா என்ன பண்ணாரு தெரியுமா, நீ முதல் தடவை சொன்ன அன்னிக்கு நான் என்னென்ன கேட்டேனோ அதை ஒண்ணு விடாம கேட்டாரு. "இது எப்பலேர்ந்து? யாரு சொல்லிக்குடுத்தா? நல்ல டாக்டரா பாக்கலாமா? நாங்க எங்க தப்புப் பண்ணோம்?" பக்கத்துலயே நின்னு கேட்டுட்டிருந்திருக்காரு மனுஷன், எனக்கே மறந்து போச்சு.

அந்த டாக்டர் கேள்விக்கு என்கிட்ட ரெடியா பதில் இருந்துச்சு. உலக சுகாதார அமைப்போட புது நோய்ப் பட்டியல் 2019ல ஒப்புக்கிட்டது, 2022 ஜனவரிலேர்ந்து அமல்ல இருக்கு, அதுல திருநரா இருக்கறதை மனநோய்ப் பகுதிலேர்ந்தே எடுத்துட்டாங்க, வகுப்புல ஒப்பிச்ச விஷயம்தான். அந்த சேர்ல உக்காந்தப்ப ஒரு எழுத்து வரல. மூணாவது கேள்வியிலயே, இவங்க பதிலுக்காகக் கேக்கலேன்னு தெரிஞ்சு போச்சு எனக்கு. நீ அன்னிக்கு "சரிம்மா, அப்புறம் பேசறேன்"னு வெச்சியே, ஏன்னு புரிஞ்சுது. நானும் அதையேதான் சொன்னேன் அப்பாகிட்ட.

ஆனா கண்ணு, அதை அத்தை எதிர்லயும் அந்தப் பொண்ணு எதிர்லயும் பண்ணியிருக்கக் கூடாது. அது நீ எனக்கு மட்டும் பண்ண போன் கால். அதுல நீ சொன்ன அந்த ஸ்கூல் விஷயம், அதையும் பேச்சு வேகத்துல நான் சொல்லிட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வகுப்புல எந்த பேஷன்ட் கதையையும் பேர் ஊர் மாத்தாம எடுக்கக் கூடாதுன்னு மத்தவங்களுக்குச் சொல்றவ நான். அத்தை வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா அது வேற விஷயம். நீ கோவப்படு, நியாயம்தான். இனிமே கற்பனை ஆளை வெச்சுதான், உன் கதை வராது.

முடிஞ்சதும் வேஷத்தைக் கழட்டணும்னு ஒண்ணு இருக்கு, எழுந்து நின்னு, சேரை மாத்தி, "நான் இப்ப நான்தான்"னு வாய் விட்டுச் சொல்லணும், இல்லன்னா கேட்ட ஆள் மேல நிஜமாவே கோவம் தங்கிடும். அப்பா மேல எனக்கு ராத்திரி வரைக்கும் இருந்துச்சு, அவர் பேசினது என் வசனம்னு தெரிஞ்சும்.

போன வாரம் நடிக்கவே இல்ல, பேச்சுதான். 2016ல வந்த ஒரு ஆராய்ச்சி படிச்சேன், மயாமியில வீடு வீடா போய் பத்து நிமிஷம் பேசியிருக்காங்க, திருநர்களைப் பத்தி லெக்சர் அடிக்கல, உங்களை யாராவது வேற மாதிரி பாத்து எடை போட்ட நேரம் ஞாபகம் இருக்கான்னு கேட்டு அவங்களைப் பேச விட்டிருக்காங்க. மூணு மாசம் கழிச்சும் மனசு மாறினது அப்படியே இருந்துச்சாம். நானும் கேட்டேன். அத்தை ரொம்ப நேரம் பேசல. அப்புறம், இந்தப் பொண்ணு பிறக்கறதுக்கு முன்னாடி ஒம்போது வருஷம் பாக்கற ஆளெல்லாம் "விசேஷம் உண்டா"ன்னு கேட்டதை சொன்னாங்க. "கேள்வி கூட பரவால்ல, கேட்டுட்டு என் வயித்தைப் பாப்பாங்க பாரு." அதைச் சொல்லிட்டு அவங்களே நிறுத்திட்டாங்க. அன்னிக்கு வேற எதுவும் நடக்கல. கிளம்பறப்ப செருப்பை மாட்டிக்கிட்டே, "முதல் வாரம் நான் ஆடினதை அதுகிட்ட சொல்லிடாதே"ன்னாங்க. சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ, இதுக்கும் சேத்து.

பாத்தியா, "அதுகிட்ட". இதுதான் எங்களுக்குப் புரியாத இடம். புள்ள தூங்குது, புள்ள சாப்பிட்டுச்சுன்னு கொஞ்சலாதான் சொல்றோம், உன்னைத் தூக்கி வளத்த அத்தை அப்படித்தான் சொல்வாங்க. ஆனா தெருவுல எவனோ உங்களை மாதிரி ஒருத்தரைப் பாத்து "அது"ங்கறப்ப அது அசிங்கம், எனக்குத் தெரியும். ஒரே வார்த்தைதான், அர்த்தம் ரெண்டு. அத்தைகிட்ட திருத்தச் சொல்லணுமா, விட்டுடணுமா? அப்பாவும் கேக்கச் சொன்னாரு. வெளியாள்கிட்ட அவங்கன்னு சொல்லிடுவாராம், வீட்டுக்குள்ள "பிள்ளை வருது"ன்னு சொல்லிக்கலாமான்னு.

நீ சொல்ற வரைக்கும் அவர் உன் பேரை மட்டும் சொல்லிட்டிருக்காரு, நீ வெச்சுக்கிட்டது, ஒவ்வொரு வாக்கியத்துலயும், ஒரே பேச்சுல பத்து தடவை. கேக்க வேடிக்கையா இருக்கு.

அம்மா