விளம்பரப் பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள்: இதழியல் ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களுக்கு,

வணக்கம். நான் எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராதவன். பழைய தமிழ் இதழ்களையும் அவற்றைப் பற்றி உங்கள் துறைகளிலிருந்து வரும் ஆய்வேடுகளையும் தேடிப் படிக்கிறவன் என்ற ஒரே உரிமையில் எழுதுகிறேன்.

அந்த ஆய்வேடுகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. 'இன்ன இதழ் – ஓர் ஆய்வு' என்று தலைப்பு. தோற்றமும் வளர்ச்சியும் ஓர் இயல், சிறுகதை ஓர் இயல், கவிதை ஓர் இயல், மொழிநடை ஓர் இயல். இதழின் பெயரை மட்டும் மாற்றினால் பாதி ஆய்வேடு இன்னொன்றுக்கும் பொருந்திவிடும். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1933-இல் வந்த மணிக்கொடி என்றால் புதுமைப்பித்தன், 1959-இல் வந்த 'எழுத்து' என்றால் புதுக்கவிதை என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தொகுப்பு நூலே போதுமே, இதழை ஏன் தொட வேண்டும்? பலர் தொடவில்லை என்பது அடிக்குறிப்புகளைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

தொகுப்பில் ஏறாதவை நிறைய. சந்தா பாக்கி கேட்கும் அறிவிப்பு, 'ஏஜெண்டுகள் தேவை', வாசகர் கடிதம், அச்சகத்தின் பெயர், விலை ஏறிய மாதம். எஸ்.எஸ். வாசன் கையில் ஆனந்த விகடன் பெரும் விற்பனை கண்டதில் கல்கியின் எழுத்துக்குப் பங்கு உண்டு. பரிசு கொடுத்த குறுக்கெழுத்துப் போட்டிக்கும் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காகிதத் தட்டுப்பாடு. அது தெரியாத ஒருவர் அந்த ஆண்டுகளின் கதைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, 'சிறுகதைக்கு ஆதரவு குறைந்தது' என்று முடிவெழுதிவிடலாம். அமிர்தாஞ்சன் விளம்பரத்தைத் தாண்டிப் போகிறவருக்கு, அந்தத் தைலத்தின் முதலாளி நாகேஸ்வர ராவ் பந்துலுதான் 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்கு இதழையும் தொடங்கியவர் என்பது கண்ணில் படாது. பத்திரிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் என்ன இதழியல்?

பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கழித்துவிடும் வழக்கம் வேறு இருந்தது. எஞ்சியதை மரக்கூழ்த் தாளின் அமிலமே நொறுக்கிக்கொண்டிருக்கிறது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பரவலான ஆய்வுக்கு வந்தது, அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் 1999-இல் வெளியானதிலிருந்துதான். யாரோ சிலர் பிரதிகளைக் காப்பாற்றி வைத்திருந்ததால் அதுவும் நடந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட இதழியல் வரலாறுகளை முழு வரலாறு என்றே பாடம் நடத்தினார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆய்ந்த இதழ்கள் அனைத்துக்கும் ஓர் அடைவை, அதாவது இதழ்வாரியான விவரப் பட்டியலை, பின்னிணைப்பாகக் கட்டாயமாக்குங்கள். தேதி, உள்ளடக்கம், எழுதியவர், புனைபெயர், விளம்பரங்கள், கிடைக்காத இதழ்கள், பார்த்த பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது என்ற விவரம். மாணவர் இதில் பாதியை எப்படியும் குறிப்பேட்டில் எழுதியிருப்பார். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அது பரணுக்குப் போகிறது. பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு அடுத்து வருகிறவர் அதே இதழ்களை மறுபடி முதலிலிருந்து புரட்டுகிறார். தாள் இன்னும் கொஞ்சம் உதிர்கிறது.

'இது வெறும் பட்டியல், ஆய்வாகாது' என்று புறத்தேர்வாளர் சொல்லக்கூடும். அப்படிச் சொல்கிறவரும் தம் ஆய்வுக்கு யாரோ போட்ட அடைவைத்தான் முதலில் தேடியிருப்பார். இதற்குத் தனி நிதி வேண்டாம். துறைக்குழுவில் ஒரு தீர்மானம் போதும். இந்த ஆண்டு பதிவு செய்யும் மாணவர்களிடமிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பழைய இதழ்களின் வாசகன்