விடயம்: காணாமல் போன என் பெரியப்பாவை உங்கள் செயலி இறந்தவராக்கியது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டம் வட்டக்கச்சியில் இருந்து எழுதுகிறேன். உங்கள் குடும்ப மரச் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்துகிறவன். டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில் சேர்ந்தேன். 2022 இல் அது 360 ஐத் தொட்டபோதும், வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டு கட்டினேன். செயலி தமிழிலும் உண்டு என்று நீங்களே விளம்பரம் செய்வதால் இந்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். உதவிப் பிரிவுக்கு முன்பு எழுதியதற்குத் தானியங்கிப் பதில் ஒன்றுதான் வந்தது. இதையாவது ஆள் யாரும் வாசிக்க வேண்டும்.

கடந்த மே முதலாந் திகதி காலை, என் மரத்தைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் உங்களிடமிருந்து ஒரு அறிவித்தல் போயிருக்கிறது. ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், இங்கே மல்லாவி என்று ஒருவரையும் விடவில்லை. "இன்று உங்கள் உறவினரின் நினைவு நாள்" என்று தலைப்பு. கீழே என் பெரியப்பாவின் படம், பக்கத்தில் எரிகிற மெழுகுதிரி. இறந்த திகதி 2009 மே 1 என்று போட்டிருந்தது.

பெரியப்பா இறந்துவிட்டார் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. 2009 மே நடுப்பகுதியில் முள்ளிவாய்க்காலை விட்டு வட்டுவாகல் பக்கம் சனத்தோடு சனமாக நடந்தபோது பிரிந்தவர். பிறகு தகவல் இல்லை. செட்டிகுளம் முகாமில் வலயம் வலயமாகத் தேடினோம், ஆஸ்பத்திரிகளில் விசாரித்தோம், பதியச் சொன்ன இடமெல்லாம் பதிந்தோம். அவர் இறந்ததாக உங்கள் செயலி எழுதியிருக்கும் அந்த மே முதலாந் திகதி அவர் எங்களோடு ஒரே பங்கருக்குள் இருந்தார். அன்றைக்குக் கஞ்சி காய்ச்சினவரே அவர்தான். நானும் குடித்தேன்.

மல்லாவியில் இருக்கும் பெரியம்மா செயலி ஒன்றும் பாவிப்பதில்லை. பேரன்தான் போனைக் காட்டியிருக்கிறான். அரை மணித்தியாலத்தில் எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, உனக்கு ஏதும் கடிதம் வந்ததோ? வந்திருந்தா ஏன் எனக்கு முதல்ல சொல்லேல்லை?" என்று கேட்டார். எங்கிருந்தோ உறுதியான தகவல் வந்துவிட்டது, அதை நான் மறைத்து வைத்திருந்து கடைசியில் மரத்தில் பதிந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அது கணினி தானாகச் செய்த வேலை என்று விளங்கப்படுத்தினேன். "கணினிக்கு ஆர் சொன்னது?" என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன். இதற்கிடையில் பாரிசில் இருக்கும் குஞ்சியப்பா, மே முதலாந் திகதிக்கு என்ன திதி வருகிறது என்று அங்குள்ள ஐயரிடம் விசாரித்தும் முடித்துவிட்டார். பெரியம்மா இன்றைக்கும் குங்குமம் வைக்கிறவர் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

எப்படி நடந்தது என்று தோண்டிப் பார்த்தேன். உங்கள் செயலியில் ஒருவரைச் சேர்க்கும்போது 'வாழ்கிறார்', 'இறந்தவர்' என்று இரண்டே பொத்தான்கள். நான் 'வாழ்கிறார்' என்பதைத் தெரிவுசெய்துவிட்டு, நாங்களாகவே நிகழ்வு உருவாக்கும் வசதியில் 'கடைசியாகக் கண்டது' என்று ஒன்றை உண்டாக்கி, '2009 மே, வட்டுவாகல்' என்று எழுதியிருந்தேன். அண்மையில் நீங்கள் கொண்டுவந்த 'தரவு சீராக்கம்', தனக்குத் தெரியாத இப்படியான நிகழ்வுகளைத் தனக்குத் தெரிந்த வகை ஒன்றுக்குள் மாற்றிவிடுகிறது. மாறியது 'இறப்பு' என்ற வகைக்குள். இறப்பு என்று வந்ததும் பொத்தானும் தானாக 'இறந்தவர்' ஆகிவிட்டது. நான் நாள் எழுதவில்லை, மாதந்தான் எழுதினேன். நாள் இல்லாமல் அறிவித்தல் அனுப்ப முடியாது என்பதால் மாதத்தின் முதல் நாளை அதுவே போட்டுக்கொண்டது. இந்த மாற்றங்களில் ஒன்றையாவது என்னிடம் கேட்டுச் செய்திருக்கலாமே.

உங்கள் உதவிப் பக்கம் இதற்குச் சொல்லும் வழி இன்னும் மோசம். ஒருவர் எங்கே என்று தெரியாவிட்டால் இறந்த திகதியில் '2009 க்குப் பின்' என்று எழுதட்டாம். அப்படி எழுதினாலும் அவர் இறந்தவர்தானே? சரி, 'வாழ்கிறார்' என்றே விட்டுவைத்தால், தனியுரிமைக் காரணம் சொல்லி மற்றவர்களுக்குப் பெயரையும் படத்தையும் மறைத்துவிடுகிறீர்கள். தேடப்படுகிற ஒருவரின் பெயரும் படமும் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் நிலைமை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் படத்தைக் கையில் ஏந்தித்தான் இருந்தார்கள். பெரியம்மாவும் போய் இருந்தவர். உங்கள் செயலியோ ஒன்றில் படத்தை மறைக்கிறது, இல்லாவிட்டால் அதன் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்துகிறது.

இலங்கை அரசாங்கம்கூட 2016 இல் இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று சொல்லும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை வாங்குவதா விடுவதா என்பது எங்கள் சனத்துக்குள் வேறு கதை, பெரியம்மா வாங்கவில்லை. ஆனால் பதிவாளர் கந்தோரில் இருக்கிற மூன்றாவது கட்டம் உங்கள் மென்பொருளில் இல்லை.

பெரியப்பாவின் விடயத்தோடு இது முடியவில்லை. இங்கே வன்னியில் ஒரு மரம் போட உட்கார்ந்தால் பாதிப் பேர் இப்படி உறுதியில்லாமல்தான் வருவார்கள். காணி உறுதிகள், பிறப்பத்தாட்சிகள், கலியாணப் படங்கள் எல்லாம் வைத்திருந்த எங்கள் சூட்கேஸ் புதுக்குடியிருப்போடு போய்விட்டது. மிஞ்சியது வயதுபோனவர்களின் வாய்தான். பெரியப்பாவின் அந்தப் படமே, முன்பு கனடாவுக்கு அனுப்பிய ஒரு கலியாண அல்பத்தில் இருந்ததால் கிடைத்தது.

என் அப்பப்பா தீவுப் பகுதியில் பிறந்தவர். ஐம்பதுகளில் இங்கே குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தார். அவரோடு வந்த இன்னொருவரை எல்லாரும் 'அப்பப்பாவின் தம்பி' என்கிறார்கள். ஒரு வயிற்றுத் தம்பியா, சித்தப்பன் மகனா என்று இப்போது சொல்ல ஆள் இல்லை. எங்களுக்குள் இரண்டுமே தம்பிதான், ஒருவரும் பிரித்துப் பேசியதில்லை. உங்கள் செயலியில் இரண்டு பேரைச் சகோதரர் ஆக்க ஒரே தாய் தகப்பன் கட்டாயம். சித்தப்பன் மகன் என்றால் அதற்கும் மேலே ஒரு படி ஆட்கள் வேண்டும். 'உறவு உண்டு, எப்படி என்று தெரியாது' என்று ஒரு கோடு போட வழியே இல்லை. ஆகவே உங்கள் செயலி கேட்டபடியே 'அறியப்படாத ஆண்', 'அறியப்படாத பெண்' என்று இரண்டு பேரை உண்டாக்கிக் கொடுத்தேன். அம்மாவின் பக்கத்திலும் இப்படியே ஒரு சோடி. பிறகு உங்கள் 'ஒரே ஆளா?' என்ற பொருத்தம் பார்க்கும் வசதி வந்து, எல்லா அறியப்படாத ஆண்களையும் ஒருவராக்கிவிட்டது! இப்போது என் அப்பாவும் அம்மாவும் ஒரே பூட்டனின் வழியில் வந்தவர்கள். அப்பாவுக்கு இதைக் காட்டினேன். சிரித்துவிட்டு, "அப்ப சீதனக் காணிக்கு ஏன் அவ்வளவு சண்டை பிடிச்சவங்கள்?" என்றார்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் சித்தி ஒரு பிள்ளையை முகாமில் இருந்து கூட்டிவந்து வளர்த்தார். தனியாக நின்ற பிள்ளை. சட்டப்படி தத்து எழுதவில்லை. இப்போது அவன் வளர்ந்த ஆள், எல்லாம் தெரிந்தவன், அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பாரதிபுரத்தில் ஒரு குடும்பம், 77 கலவரத்தோடு மலையகத்தில் இருந்து வந்தவர்கள், அவன் தங்கள் அண்ணன் மகனாக இருக்கலாம் என்கிறார்கள். விசுவமடுவிலும் ஒரு வீட்டார் அப்படியே சொல்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் போய்வருகிறான், இரண்டு இடத்திலும் சாப்பாடு போடுகிறார்கள். மரத்தில் சித்தியோடு ஒரு முழுக்கோடும், அந்த இரண்டு வீட்டோடும் 'இருக்கலாம்' என்று புள்ளிக்கோடும் போட விரும்புகிறான். செயலி விடவில்லை. பெற்றோர் என்றால் ஒரு சோடிதான், மற்றச் சோடியைச் சேர்த்தால் முதலாவதை அழிக்கவா என்று கேட்கிறது. கூடவே டிஎன்ஏ சோதனைப் பெட்டி வாங்கச் சொல்லி விளம்பரமும் வருகிறது. அதை இங்கே தருவித்து, கட்டணம் கட்டி, திருப்பி அனுப்புகிற வசதி எத்தனை வீட்டில் இருக்கிறது என்று விளம்பரம் செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் தொழில்நுட்பத்தில் முடியாத காரியம் என்று பதில் எழுதிவிடாதீர்கள். வம்சாவளி மென்பொருள்கள் கோப்பைப் பரிமாறுவதற்குப் பொதுவாக வைத்திருக்கும் ஜெட்காம் வடிவத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளையைக் குடும்பத்தோடு இணைக்கும் இடத்தில், அந்த இணைப்பு நிரூபிக்கப்பட்டதா, பொய் என்று தெரிந்ததா, இரண்டுமில்லாமல் சந்தேகத்தில் நிற்கிறதா என்று குறிக்க அதன் 5.5.1 பதிப்பிலேயே இடம் உண்டு. 2021 இல் வந்த 7 ஆம் பதிப்பிலும் உண்டு. ஒரே பிள்ளையை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களோடு இணைக்கவும், பிறப்பு, தத்து, வளர்ப்பு என்று பிரித்துச் சொல்லவும் அதில் வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆதாரத்துக்கும் 0 முதல் 3 வரை நம்பகம் போடலாம். இலவசமாகக் கிடைக்கும் கிராம்ப்ஸ் மென்பொருளில் இந்த நம்பகத்துக்கு ஐந்து படிகள் இருக்கின்றன. நான் உங்களிடம் வருவதற்கு முன் அதில்தான் வைத்திருந்தேன். கோப்பை உங்கள் செயலிக்குள் ஏற்றியபோது நம்பகக் குறிகள் எல்லாம் உதிர்ந்துபோயின. கிழவி ஒருத்தி யோசித்து யோசித்துச் சொன்னதும், பதிவாளர் ஒப்பம் வைத்ததும் இப்போது ஒரே கறுப்பு எழுத்தில் நிற்கின்றன.

திகதிகளும் அப்படியே. என் மாமி ஒருவரின் பிறந்த ஆண்டு யாருக்கும் தெரியாது. 58 கலவரத்துக்குப் பிறகு, 64 புயலுக்கு முன்பு என்றுதான் வீட்டில் சொல்வார்கள். 1964 டிசம்பரில் அடித்த அந்தப் புயலை இங்கே வயது கணக்குப் பார்க்கிற எவரும் மறக்க மாட்டார்கள். ஆகவே '1958 க்கும் 1964 க்கும் இடையில்' என்று போட்டிருந்தேன். ஜெட்காமில் அதற்கு முறையான குறி இருக்கிறது. உங்கள் சீராக்கம் நடுவைப் பார்த்து 1961 ஆக்கிவிட்டது. அவருடைய தங்கைக்குப் பிறப்பத்தாட்சி இருக்கிறது, அதில் 1960. உடனே செயலி, 'தமக்கை தங்கைக்குப் பின் பிறந்திருக்கிறார், பிழையைத் திருத்தவும்' என்று சிவப்பில் எச்சரிக்கிறது. பிழையை உண்டாக்கினது யார்?

சின்னச் சின்ன விடயங்கள் இன்னும் இருக்கின்றன, அவற்றை நீட்ட விருப்பமில்லை. 1984 இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு நான் யாழ்ப்பாணம் என்று எழுதியதை எல்லாம் மாற்றிவிட்டீர்கள். மச்சானும் மச்சாளும் கலியாணம் செய்த இடமெல்லாம் 'தரவுப் பிழையாக இருக்கலாம்' என்று மஞ்சள் முக்கோணம் நிற்கிறது. அதைப் பொறுத்துக்கொள்வேன்.

பொறுக்க முடியாதவற்றுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். முதலில், பெரியப்பாவின் பதிவில் நீங்கள் போட்ட இறப்பையும் திகதியையும் உங்கள் பக்கத்தில் இருந்தே எடுக்க வேண்டும். நான் அழித்துப் பார்த்தேன். அடுத்த சீராக்கத்தோடு திரும்ப வந்து நிற்கிறது. அந்த அறிவித்தல் போன அத்தனை பேருக்கும், அது மென்பொருளின் தவறு, குடும்பத்தார் பதிந்தது அல்ல என்று தமிழில் இன்னொரு அறிவித்தல் உங்கள் பெயரிலேயே போக வேண்டும். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால்தான் பெரியம்மா நம்புவார்.

பிறகு, வாழ்கிறார், இறந்தவர் என்ற இரண்டு பொத்தான்களோடு 'தெரியவில்லை' என்று மூன்றாவது ஒன்று. அப்படிக் குறிக்கப்பட்டவரின் பெயரையும் படத்தையும் காட்டுவதா மறைப்பதா என்று குடும்பம் தீர்மானிக்கட்டும். எத்தனை வருடம் போனாலும் செயலி அதை மாற்றக் கூடாது. சந்தேகமான உறவுக்குப் புள்ளிக்கோடும், ஏற்றிய கோப்பில் இருந்த நம்பகக் குறிகளும் ஆண்டு இடைவெளிகளும் அப்படியே திரும்புவதும் வேண்டும். சீராக்கத்தை நிறுத்திவைக்கும் வசதியையாவது உடனே கொடுங்கள், அதற்குப் பெரிய வேலை இருக்காது.

சீராக்கத்துக்கு முந்திய என் கோப்பின் நகலையும், அந்த அறிவித்தலின் திரைப்பிடிப்பையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த சந்தாத் தவணைக்கு முன் பெரியப்பாவின் பதிவு சரியாகாவிட்டால், இந்த ஆண்டுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்து, என் மரத்தை உங்கள் சேவையகங்களில் இருந்து முழுமையாக நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.