பெர்ட்டி வந்து ஐந்து மாதம்

லெஸ்டர், இங்கிலாந்து,
செப்டம்பர் 14

அன்புள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்றுதான் ஞாயிறு வரை வைத்திருந்தேன். இன்று நல்ல வெயில். பெர்ட்டி தோட்டத்துக் கல் மேல் நாலு காலையும் பரப்பி, கழுத்தை நீட்டிப் போட்டுத் தூங்குகிறான். ஆமை இப்படிப் படுத்தால் அதற்குப் பயம் இல்லை என்று அர்த்தம். இதைப் பார்க்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

அவன் இரண்டு வீடு தள்ளி இருந்த பாட்டியிடம் 26 வருடம் வளர்ந்தவன். ஏப்ரலில் அவர் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. அங்கே ஆமைக்கு இடமில்லை. யாரிடம் விடுவது என்று அவர் கலங்கி நின்றபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஹார்ஸ்ஃபீல்டு ஆமை என்பது இனத்தின் பெயர். கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட புல்வெளிகளில் வாழ்வது. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் அவ்வளவுதான் அவன். முன்னங்காலில் நாலே நகம், மண்வெட்டி மாதிரி. 1968 செப்டம்பரில் சோவியத்காரர்கள் சோண்ட் 5 விண்கலத்தில் இந்த இனத்து ஆமைகள் இரண்டை அனுப்பினார்கள். அவை நிலவைச் சுற்றி வந்து நம் இந்தியப் பெருங்கடலில் இறங்கின. மனிதர்கள் நிலவைச் சுற்றியது அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான். உன் மகனிடம் சொல், அவனுக்குப் பிடிக்கும்.

வந்த அன்றே ஒரு தப்புச் செய்தேன். அம்மாவுக்கு வீடியோவில் காட்ட அவனை முகத்துக்கு நேரே தூக்கினேன். புஸ்ஸென்று மூச்சை விட்டுத் தலையை உள்ளே இழுத்தவன், மொத்தச் சிறுநீரையும் விட்டுவிட்டான். வறண்ட நாட்டு ஆமைக்குச் சிறுநீர்ப்பை தண்ணீர்த் தொட்டி மாதிரி என்று பிறகுதான் தெரிந்தது. பயத்தில் அதைக் காலி செய்தால் உடம்பு வறண்டு போகும். தரையில் வாழும் பிராணிக்கு, மேலிருந்து ஒரு கை வந்து தூக்குவது பருந்து தூக்குவதைப் போலத்தான் இருக்கும். அதற்கப்புறம் அவசியம் இல்லாமல் அவனைத் தூக்கியதில்லை.

ஒன்பது நாள் அவன் எதையும் தொடவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. கால்நடை மருத்துவர், இடம் மாறிய ஆமை ஒரு வாரம், பத்து நாள் சாப்பிடாமல் இருப்பது உண்டு, எடையைப் பாருங்கள், தினமும் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள் என்றார். தண்ணீர் தாடைக்குக் கீழே நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆழம். எடை 780 கிராமிலிருந்து பெரிதாக இறங்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைக் கடத்தினேன்.

அவனுடைய தவிப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கடையில் சொன்னதைக் கேட்டு நான் வாங்கி வைத்தது கண்ணாடித் தொட்டி. ஆமைக்குக் கண்ணாடி தடுப்பு என்று புரியாது. வெளியே தெரிகிறதே, ஏன் போக முடியவில்லை என்று நாளெல்லாம் அதை முட்டி முட்டி நகத்தால் பிராண்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுவாரம் என் கணவர் மேல்பக்கம் திறந்த பெரிய மரப்பெட்டி ஒன்று செய்தார். மண்ணும் மணலும் கலந்து, அவன் உடம்பு புதையும் அளவுக்கு நிரப்பினோம். ஒரு மூலையில் விளக்கு, அதன் கீழே 32, 33 டிகிரி சூடு. மறுமூலை குளிர்ச்சி. எங்கே இருப்பது என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்று. புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் வேண்டும், இல்லாவிட்டால் ஓடும் எலும்பும் மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் போதுமான அளவு இருக்காது.

பாட்டி அவனோடு கொடுத்தனுப்பியது ஒரு தட்டைக் கல்லும் பாதி உடைந்த பூந்தொட்டியும். தாய்வீட்டுச் சீர் மாதிரி அதை அப்படியே பெட்டியில் வைத்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. ஆமைக்கு மோப்பம் நன்றாகத் தெரியும் அல்லவா? பாட்டி வீட்டுத் தோட்டத்திலிருந்து இரண்டு வாளி மண் அள்ளி வந்து அதோடு கலந்தேன். பத்தாம் நாள் காலை அந்தத் தட்டைக் கல்லில் வைத்திருந்த டேன்டிலையன் என்ற களைச்செடியின் இலையில் ஒரு கடி இருந்தது. மண்ணால்தானா, நாள் ஆனதாலா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடியைப் பார்த்து அழுதேன் வள்ளி.

பிறகு நான் செய்தது ஒன்றுதான். தினமும் காலை எட்டரைக்கு, அதே கல்லில் இலையை வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். தொடுவது இல்லை, பேசுவதும் குறைவு. அவனுக்கு எட்டுவது காற்றில் வரும் பேச்சை விடத் தரையில் வரும் அதிர்வு. அதனால் வேகமாக நடப்பதை நிறுத்தினேன். நிழல் அவன் மேல் விழாமல் பக்கவாட்டில் போவேன். ஓடு கல் மாதிரி இருந்தாலும் அதில் நரம்பு உண்டு, தொட்டால் தெரியும், தட்டினால் வலிக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தட்டிப் பார்க்க ஆசைப்படுவார்கள். ஒருவரையும் விடவில்லை.

ஜூனில், தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து காலில் மருதாணியோடு திரும்பினேன் இல்லையா? வழக்கம்போல உட்கார்ந்திருந்தபோது இலையை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான். பெருவிரலை மோந்து பார்த்து மெல்ல ஒரு கடி. சிவப்பும் மஞ்சளும் ஆமைகளை இழுக்கும், பூ என்று நினைத்திருப்பான். ஆனால் மருதாணி மங்கின பிறகும் வந்தான். இப்போது என் காலடி கேட்டாலே பூந்தொட்டிக்குள்ளிருந்து தலை நீள்கிறது.

ஆமைக்கு ஆளைத் தெரியுமா என்று கேட்டிருந்தாய். இங்கே ஹாம்ப்ஷயர் பக்கம் செல்போர்ன் கிராமத்தில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைட், தன் அத்தை வளர்த்த ஆமையைப் பற்றி எழுதியிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் உணவு வைத்த அந்த அம்மாளைக் கண்டால் அது தத்தித் தத்தி எதிரே வருமாம், புதியவர்களைக் கண்டுகொள்ளாதாம். வியன்னா விலங்குக் காட்சிசாலையில் பேராமைகளுக்குப் பழக்கிய பாடம் ஒன்பது வருடம் கழித்தும் அவற்றுக்கு நினைவிருந்தது என்று 2019-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாய் மாதிரி அன்பு காட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இவளால் கெடுதல் வராது என்று அவன் தெரிந்துவைத்திருக்கிறான். எனக்கு அது பெரிய விஷயம்.

ஆகஸ்டில் பாட்டியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, களையை மென்றுகொண்டே இருந்தான். எனக்குச் சங்கடமாகிவிட்டது. பாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சாப்பிடுகிறானே, போதும்” என்றார்.

அடுத்த கவலை குளிர்காலம். இந்த இனம் தன் நாட்டில் வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் தூங்கும். இங்கே பலர் அதற்கென்றே தனி ஃபிரிட்ஜ் வைத்து, 5 டிகிரி அளவில், தினமும் கதவைத் திறந்து காற்று விட்டுத் தூங்க வைக்கிறார்கள். நம் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்பே உணவை நிறுத்திக் குடலைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அழுகி உயிருக்கே ஆபத்து. அடுத்த வாரம் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் முடிவு.

இப்போது உன் மகன் விஷயம். யாரோ நட்சத்திர ஆமை கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் வள்ளி, கையெடுத்துக் கேட்கிறேன். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். 2019-இல் உலக அளவிலும் அதன் வணிகத்தைத் தடை செய்துவிட்டார்கள். நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1984-இல் ஐரோப்பாவில் மத்தியதரைக் கடல் ஆமைகளின் இறக்குமதியைத் தடுத்ததும், வியாபாரிகள் மத்திய ஆசியாவுக்குத் திரும்பினார்கள். பெர்ட்டியும் யாரோ புல்வெளியில் மூட்டை கட்டி அனுப்பியவனாக இருக்கலாம். அவன் நகம் கண்ணாடியைப் பிராண்டிய சத்தத்தைக் கேட்டவள் நான். காட்டில் இருப்பதைப் பிடித்து வந்து நம்பிக்கை கேட்க நமக்கு என்ன உரிமை? கொண்டுவருகிறவர் வற்புறுத்தினால் வனத்துறைக்குச் சொல். பாவம் பார்த்துக் கிணற்றிலோ கோயில் குளத்திலோ மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. அது நில ஆமை, நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும்.

அத்தையிடம் சொல், ஆமை புகுந்த எங்கள் வீடு நன்றாகத்தான் இருக்கிறது. காலை எட்டரைக்கு வீட்டில் எல்லோரும் மெதுவாக நடக்கிறோம்.

அவன் எழுந்துவிட்டான். வேலி ஓரம் போகிறான், அங்கே தோண்டத்தான். ஓர் அடி ஆழத்துக்குக் கல் புதைத்திருக்கிறோம், இருந்தாலும் போய்ப் பார்க்கிறேன்.

அன்புடன்,
கோமதி